வெந்த புண்ணும் வேதனை மனமும்

1942ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆம் திகதி, சனிக்கிழமை. ஐக்கிய அமெரிக்காவின் பழம்பெரு நகரங்களுள் ஒன்றாகிய பொஸ்டனிலே அன்று பிற்பகல் ஒரு காற்பந்தாட்டப் போட்டி நடைபெற்றது. வெற்றி நிச்சயம் என்று நகர மாந்தர் நம்பியிருந்த பொஸ்டன் கல்லூரி அணி, ஹோலி குறொஸ் கல்லூரி அணியிடம் 55க்கு 12 என்ற கணக்கில் தோல்வியுற்றது. அவ்விரவு நடத்துவதற்கு எண்ணியிருந்த வெற்றி விருந்து கைவிடப்பட்டது. தோல்வியினால் மனம் வாடி வீட்டுக்குத் திரும்பியவர்கள், மறுநாட் காலையிலே பத்திரிகையைப் பார்த்தபொழுது அத்தோல்வியே தங்கள் உயிரைக் காத்தது என்று உணர்ந்தார்கள். விருந்து நடைபெற்றிருப்பின் அவர்கள் சென்றிருக்கக்கூடிய இடம் ‘கொக்கோநட் குரோவ்’ என்னும் இரவு விடுதி.

கொக்கோநட் குரோவ் என்றால் தென்னஞ்சோலை. தென்னை முளைக்காத குளிர் நாட்டிலே, காகிதத்தாலும் துணியாலும் செய்த பொய்த் தென்னைகளை நிறுத்தி, கூரையின் கீழே துணி விதானம் கட்டி, வெப்ப நாட்டுக் கடற்கரை போன்ற ஒரு மாயத் தோற்றத்தை அங்கே உண்டாக்கியிருந்தார்கள். தென்னையின் நிழலை அறிந்த நாட்டினருக்கு அந்தச் சோடனை நகைப்பைத் தந்திருக்கும். ஆனால் யுத்த காலத்திலே, விடுமுறையில் வந்த போர்வீரருக்கும் அவர்களைப் பிரியவிருந்த பெண்களுக்கும் அஃது ஓர் இன்பச் சோலையாகவே விளங்கியது. 460 பேருக்கே அனுமதி பெற்றிருந்த அவ்விடுதியில் அன்றிரவு ஏறத்தாழ ஆயிரம் பேர் நெருங்கியிருந்தனர்.

இரவு பத்தேகால் மணியளவில், நிலத்தின் கீழே அமைந்திருந்த மதுக்கூடத்தில், ஓர் இளைஞன் தன் துணையுடன் இருளில் இருக்க விரும்பி அருகிலிருந்த மின்குமிழைக் கழற்றிவிட்டான். அதைத் திரும்பப் பூட்டும்படி பதினாறு வயதுப் பணியாளச் சிறுவன் ஒருவன் ஏவப்பட்டான். பள்ளியிற் படித்துக்கொண்டே வார இறுதியில் உழைத்த பிள்ளை அவன். இருட்டிலே குமிழின் இடம் தெரியாமையால் ஒரு தீக்குச்சியைக் கிழித்தான், குமிழைப் பூட்டினான், குச்சியை அணைத்தான். சிறிது நேரத்துள் பொய்த் தென்னையின் உச்சியருகே தீப்பொறி தெரிந்தது. ஐந்து நிமிடங்களுக்குள் கட்டடம் முழுவதும் தீயும் நச்சுப் புகையும் பரந்துவிட்டன.

உதவி வரத் தாமதித்தது என்று கூறமுடியாது. அயல் வீதியிலே ஒரு மோட்டார் வண்டியிற் பற்றிய தீயை அணைப்பதற்குத் தீயணைப்புப் படையினர் ஏற்கெனவே வந்திருந்தனர். அவர்கள் அங்கிருந்தே புகையைக் கண்டு ஓடினர். தடையாக இருந்தவை கதவுகளே. தலைவாயிலின் சுழற்கதவு மனிதர் நெருக்கத்தால் சுழலாமல் நின்றது. வேறு சில கதவுகள் பூட்டியிருந்தன. பணம் கொடாமல் எவரும் வெளியேறிவிடக்கூடாது என்பதில் விடுதியினர் கருத்தாக இருந்தனர். இன்னும் சில கதவுகள் உட்புறமாகத் திறப்பவை. பின்னால் நூறு பேர் தள்ளும்பொழுது உட்புறமாகத் திறக்கும் கதவும் சுவரும் ஒன்றே. 492 பேர் மாண்டனர். அன்றுதான் மணம் முடித்த தம்பதியர் அவர்களுள் இருந்தனர். ஒரே தாய் வயிற்றிற் பிறந்த நான்கு சகோதரரும் இருந்தனர்.

இத்தீயின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். கட்டடச் சட்டங்கள் திருந்தியதும், சுழற்கதவின் இருமருங்கிலும் வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள் வேண்டும் என்ற விதி தோன்றியதும் யாவரும் அறிந்தவை. அவ்வளவாக அறியப்படாதது வைத்தியசாலைகளின் உள்ளே நிகழ்ந்த வரலாறு. வெந்த உடலை எவ்வாறு தொடுவது, உற்றாரை இழந்த மனத்தை எவ்வாறு அணுகுவது என்ற இரண்டு கேள்விகளும் ஒரே இரவில், ஒரே கூரையின் கீழ் எழுந்தன.

காயமுற்றோரிற் பெரும்பாலானோர் பொஸ்டன் நகர வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 114 பேர் மாசச்சூசெட்ஸ் பொது வைத்தியசாலைக்கு வந்தனர். இந்த 114 பேரில் 75 பேர் வரும்பொழுதே இறந்திருந்தனர். அல்லது வந்த சிறிது நேரத்தில் இறந்தனர். எஞ்சியோர் 39 பேர். அவர்களுக்கென மாடி ஒன்று முழுவதும் ஒழிக்கப்பட்டது. நடைகூடங்களிலே குருமார் முழந்தாளிட்டு இறுதிச் சடங்குகளைச் செய்துகொண்டிருக்க, அவர்களுக்கு அருகிலேயே தாதியர் மோர்பின் ஊசியுடன் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் விரைந்தனர்.

வைத்தியரைத் திகைக்கச் செய்தது ஒன்றுண்டு. தோலில் ஒரு கொப்புளமும் இல்லாமல், தாமாகவே நடந்து வந்து, மற்றவரை முதலிற் கவனியுங்கள் என்று சொன்ன சிலர், சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி மாண்டார்கள். அவர்கள் உள்ளே வெந்திருந்தார்கள். சூடான நச்சுக் காற்று சுவாசப்பைகளைப் புண்ணாக்கி அவற்றில் நீர் நிரம்பச் செய்திருந்தது. தீயினால் வரும் கேடு தோலோடு நிற்பதில்லை என்பதை வைத்திய உலகம் இவ்வளவு தெளிவாக முன்னர் கண்டதில்லை.

அக்காலத்தில் தீப்புண்ணுக்கு எங்கும் வழங்கிய சிகிச்சை தானிக் அமிலம் பூசுவதாகும். 1925ஆம் ஆண்டிலே டெற்றோயிற் நகரத்து டேவிட்சன் என்னும் வைத்தியர் இதைப் புகுத்தினார். தேயிலையிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருளின் இனத்தைச் சேர்ந்தது அது. மாட்டுத் தோலைப் பதனிடுவது போல மனிதப் புண்ணையும் பதனிட்டு, மேலே கடினமான பொருக்கு உண்டாக்குவதே அதன் நோக்கம். பூசுவதற்கு முன்னர் கொப்புளங்களை அகற்றி, புண்ணைத் தேய்த்துக் கழுவவேண்டும். நோயாளி படும் வேதனையைச் சொல்லத் தேவையில்லை. பொருக்கின் கீழே சீழ் பிடிப்பதும் உண்டு. ஈரலுக்கும் அம்மருந்து தீங்கு செய்தது.

மாசச்சூசெட்ஸ் பொது வைத்தியசாலையின் சத்திர வைத்தியர் ஒலிவர் கோப் இம்முறையில் ஐயங்கொண்டு, யுத்தத்திற் காயமுறுவோரை மனத்திற்கொண்டு வேறு வழியை முன்னரே ஆராய்ந்துகொண்டிருந்தார். தீ நடந்த இரவில் அந்த வழியே கையாளப்பட்டது. புண்ணைத் தேய்க்கவில்லை, கழுவவில்லை, கொப்புளத்தை உரிக்கவுமில்லை. போறிக் அமிலம் கலந்த வசிலீன் தோய்த்த மெல்லிய துணியை மேலே வைத்து மெதுவாகக் கட்டினார்கள். அவ்வளவே. நரம்பு வழியாகப் பிளாஸ்மாவும் உப்பு நீரும் செலுத்தப்பட்டன. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி நகரத்தார் சேர்த்து வைத்திருந்த பிளாஸ்மா பகைவர் வாராமலே பயன்பட்டது. குறைவாகத் தொடுவதே சிறந்த சிகிச்சை என்று அங்கே கண்டார்கள். இரக்கமும் விஞ்ஞானமும் ஒரே வழியைக் காட்டுவது எப்பொழுதும் நிகழ்வதன்று, அவ்விரவில் நிகழ்ந்தது.

பெனிசிலின் பற்றியும் ஒரு வார்த்தை. அந்நாளிலே அது பொதுமக்கள் காணாத மருந்து. நியூ ஜேர்சியில் உள்ள மேர்க் மருந்துச்சாலையிலிருந்து 32 லீற்றர் அளவான திரவத்தைப் பொலிசார் காவலுடன் இரவோடிரவாகப் பொஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள். பத்திரிகைகள் அதை அற்புதமாக எழுதின. கொடுக்கப்பட்ட அளவு மிகச் சிறியது என்பதும், அதனால் விளைந்த நன்மையை நிச்சயிக்க இயலாது என்பதும் பின்னர் வைத்தியர்களே ஒப்புக்கொண்டவை. உயிர் காத்த பெருமை பிளாஸ்மாவுக்கும் தாதியரின் விழிப்புக்குமே கூடுதலாக உரியது. அவ்விரவில் இளம் வைத்தியராகக் கடமையாற்றிய பிரான்சிஸ் மூர், கோப்புடன் சேர்ந்து, தீப்புண்ணுற்ற உடலில் நீர் எவ்வாறு இடம் மாறுகின்றது என்பதைப் பல ஆண்டுகள் அளந்து 1947இல் வெளியிட்டார். எரிந்தவருக்கு எவ்வளவு நீர் கொடுப்பது என்ற கணக்குக்கு அந்த ஆராய்ச்சி முக்கியமான அடிப்படையாயிற்று.

இனி மனத்தின் வரலாறு.

விடுதிக்கு அருகிலிருந்த ஒரு வாகனக் கொட்டகையும் நகரத்துப் பிணவறைகளும் பிரேதங்களால் நிறைந்தன. ஞாயிறு முழுவதும் உறவினர் வரிசையாக நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றனர். ஒரு மோதிரத்தைக் கொண்டோ ஒரு சட்டைத் துணியைக் கொண்டோ அடையாளம் கண்டவரும் உண்டு. பிணவறையிலே காணாதவர்கள் வைத்தியசாலைக்கு ஓடினார்கள். அங்கே முகம் முழுவதும் கட்டிடப்பட்டுக் கிடந்தவருள் தம்மவர் யார் என்று அறியமுடியாமல் தவித்தார்கள். கட்டிலிற் கிடந்தவர்களோ, தங்களுடன் வந்த மனைவி எங்கே, கணவன் எங்கே என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் உடல் தாங்குமா? சொல்லாதிருந்தால் மனம் தாங்குமா? சத்திர வைத்தியரின் நூல்களில் இதற்கு விடை இல்லை.

இவ்விடத்திலேதான் எரிக் லிண்டெமன் வருகின்றார். 1900ஆம் ஆண்டு ஜேர்மனியிலே பிறந்து, அமெரிக்காவிற் குடியேறிய மனநோய் வைத்தியர் அவர். அதே வைத்தியசாலையில் மனநோய்ப் பகுதித் தலைவராயிருந்த ஸ்ரான்லி கொப் என்பவருடன் சேர்ந்து, தீப்புண் நோயாளிகளின் கட்டிலருகே சென்று அமர்ந்தார். சமூக சேவைப் பெண்மணிகள் இறந்தோரின் குடும்பங்களோடு தொடர்பு வைத்திருந்தனர். நோயாளிகள் சொல்வதைக் கேட்கக் கேட்க லிண்டெமனுக்கு ஒன்று புலப்பட்டது. வெவ்வேறு வீட்டினர், வெவ்வேறு கல்வியினர். ஆயினும் துக்கம் அவர்கள் உடலில் ஏறும் விதம் ஒரேமாதிரி இருந்தது. இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அலைபோல் எழும் வேதனை, தொண்டை அடைப்பு, பெருமூச்சு, வயிற்றிலே ஒரு வெறுமை, கைகால் ஓய்தல். இறந்தவரின் பெயரை யாரேனும் சொன்னால் அலை மீண்டும் எழும். அதற்கு அஞ்சி அவர்கள் பிறரைச் சந்திக்கவே மறுத்தார்கள்.

மகளைத் தீயில் இழந்த ஒருவர், அவள் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று தம்மை அழைப்பதாகக் கண்டார். தம் பெயரை அவள் கூவும் ஓசை மிகுதியால், எதிரே இருப்பவர் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. இதைப் பைத்தியம் என்று தள்ளிவிடுவது எளிது. லிண்டெமன் அவ்வாறு தள்ளவில்லை. அது துக்கத்தின் இயல்பான முகங்களுள் ஒன்று என்று எழுதிவைத்தார். இறந்தவருக்குத் தாம் செய்யத் தவறிய சிறு காரியங்களைத் தேடித் தேடித் தம்மையே குற்றஞ்சாட்டுதல், அன்பு காட்ட வருவோர்மீது காரணமின்றிக் கோபங்கொள்ளுதல், நாள்தோறும் செய்துவந்த வேலைகள் கைக்கு வராமற் போதல் ஆகியவற்றையும் அப்பட்டியலில் சேர்த்தார்.

அவர் பதிந்தவற்றுள் மிகக் கொடியது முப்பத்திரண்டு வயதான ஒருவரின் கதை. அவருக்குத் தீப்புண் அற்பமே. மனைவி இறந்த செய்தியை அறிந்தபொழுது பெரிதாகக் கலங்கியவராகவும் தோன்றவில்லை. புண் ஆறி வீடு சென்றார். பல வாரங்களின் பின்னர் உறவினர் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓரிடத்தில் இருக்க மாட்டார், உறங்க மாட்டார். மனைவியை இழுத்துவர முயன்றபொழுது மயங்கி விழுந்ததையும், கூட்டம் தம்மை வெளியே தள்ளிவிட்டதையும் இடைவிடாது எண்ணி, அவளைக் காப்பாற்றியிருக்கவேண்டும், அல்லது அவளோடு இறந்திருக்கவேண்டும் என்று வருந்தினார். சிகிச்சையினால் சற்றுத் தேறியவர் போலத் தோன்றிய நிலையிலே, ஒருநாள் மூடிய சாளரத்தை உடைத்துக்கொண்டு பாய்ந்து உயிர் துறந்தார். அற்பக் காயம் என்று வைத்தியர் எழுதிய பத்திரத்திலே, இந்தக் காயத்துக்கு இடம் இருக்கவில்லை.

1944ஆம் ஆண்டு லிண்டெமன் தம் ஆராய்ச்சியை அமெரிக்க மனநோய் வைத்தியச் சஞ்சிகையிலே வெளியிட்டார். தீயில் உற்றாரை இழந்தோர், வைத்தியசாலையில் இறந்தோரின் சுற்றத்தார், போர்வீரரின் குடும்பத்தார் முதலியோராக 101 பேரைக் கண்டு எழுதிய கட்டுரை அது. துக்கம் என்பது வெறும் கண்ணீரன்று, அஃது ஒரு வேலை என்பதே அதன் கருத்து. இறந்தவரோடு கட்டுண்டிருந்த மனத்தை மெல்ல அவிழ்த்து, அவர் இல்லாத உலகத்தில் வாழப் பழகி, புதிய உறவுகளை ஏற்படுத்துதலே அந்த வேலை. அழுகையை அடக்குபவர் அதைத் தள்ளிப்போடுகிறாரேயன்றி முடிப்பதில்லை. குருமார் கூறும் ஆறுதல் வேண்டியதே. ஆனால் ஆறுதல் ஒன்றால் மட்டும் அவ்வேலை முடிவதில்லை என்பதும் அவர் கண்ட முடிவு. நான்கு முதல் ஆறு வாரங்களில், எட்டுப் பத்துச் சந்திப்புகளில் இது கைகூடும் என்று அவர் மதிப்பிட்டது மாத்திரம் மிகை நம்பிக்கை எனலாம். பின்வந்த ஆராய்ச்சியாளர் துக்கத்தின் காலத்தை வாரங்களால் அளக்கவில்லை. ஒப்பாரி வைத்து, எட்டுச் செலவு செய்து, ஆண்டுத் திவசம் வரை கணக்கு வைத்திருக்கும் சமூகத்தவருக்கும் ஆறு வாரம் குறைவாகவே தோன்றும்.

நகர வைத்தியசாலையிலே இதே பணியைச் செய்தவர் அலெக்சாண்ட்ரா அட்லர் என்னும் பெண் வைத்தியர். வியன்னாவின் புகழ்பெற்ற உளவியலறிஞர் அல்பிரட் அட்லரின் மகள் அவர். தாம் பரிசோதித்த உயிர் தப்பியோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் அச்சமும் உறக்கமின்மையும் கொடுங்கனவும் கொண்டு வருந்துவதைக் கண்டு 1943இல் எழுதினார். தீயின் நடுவே நெடுநேரம் நினைவிழந்து கிடந்தவர்கள் மனத்தளவிற் குறைவாகவே பாதிக்கப்பட்டனர் என்பதும் அவர் கண்டது. பார்த்தவரையே பார்த்தது வாட்டியது.

இவ்வளவும் அறிஞர் எழுதியவை. கட்டிலிற் கிடந்தவரின் பக்கத்திலிருந்து நோக்கினால், கிளிஃபர்ட் ஜோன்சன் என்னும் கடற்காவற்படை இளைஞனைக் குறிப்பிடாமல் இருக்கமுடியாது. மிசூரி மாநிலத்தவன். தீயிலிருந்து வெளியே வந்தபின்னரும், தன்னுடன் வந்த பெண்ணைக் காணாமையால் மீண்டும் மீண்டும் உள்ளே சென்று பிறரை இழுத்து வந்தான். அப்பெண்ணோ முன்னரே தப்பியிருந்தாள். உடலிற் பாதிக்கு மேல் ஆழமாக வெந்த நிலையில் நகர வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டான். அவ்வளவு வெந்த ஒருவர் பிழைத்ததாக அதுவரை கேள்விப்பட்டதில்லை; வைத்தியரும் எதிர்பார்க்கவில்லை. முதுகு முழுவதும் புண்ணானமையால் முகங்குப்புறக் கிடந்தான். மாதக்கணக்காக அவனுக்குத் தோல் ஒட்டினார்கள். ஒட்டியது உதிர்ந்தால் மீண்டும் ஒட்டினார்கள். தாதியர் ஊட்டினார்கள், புரட்டினார்கள், அவன் கத்தியபொழுது ஏச்சையும் கேட்டுக்கொண்டார்கள். ஏறத்தாழ இருபத்தொரு மாதங்களின் பின்னர் அவன் எழுந்து நடந்து வெளியேறினான். வைத்தியசாலையிற் பழகிய ஒரு தாதிப் பெண்ணை மணந்து, சொந்த ஊருக்குத் திரும்பினான்.

1956ஆம் ஆண்டு, மிசூரியிலே, அவன் ஓட்டிச்சென்ற வாகனம் கவிழ்ந்து தீப்பற்றியது. அதனுள்ளே அகப்பட்டு இறந்தான். விதி என்று சொல்லி முடித்துவிடப் பலருக்குத் தோன்றும். இடையிலே அவன் வாழ்ந்த பதினான்கு ஆண்டுகளை அவ்வாறு சொல்லி மறைப்பது நியாயமாகாது.

நீதிமன்றத்தில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறலாம். தீ நடந்த இரவில் விடுதியின் சொந்தக்காரர் பாணி வெலான்ஸ்கி நோயுற்று ஒரு வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தார். கதவுகளைப் பூட்டிவைக்கும் நடைமுறைக்கு அவரே பொறுப்பாளி என்று 1943இல் தண்டனை பெற்றார். 1946இன் இறுதியில், புற்றுநோயால் நலிந்த நிலையில், மன்னிப்புப் பெற்று வெளியே வந்து, மறு ஆண்டிலே இறந்தார்.

மின்குமிழைப் பூட்டிய சிறுவனின் கதை அவ்வளவு சுருக்கமானதன்று. தீக்குச்சி கிழித்ததை அவன் மறைக்கவில்லை. தானாகவே விசாரணையின் முன் சொன்னான். மக்களின் கோபத்துக்கு அஞ்சி அவனைக் காவலில் வைத்துப் பாதுகாத்தார்கள். விசாரணை அறிக்கை அவன்மீது பழி சுமத்தவில்லை. தீ தோன்றிய காரணம் அறியப்படாதது என்றே எழுதிற்று. கதவைப் பூட்டியது அவனல்லன். எரியும் துணியைக் கூரையிற் கட்டியதும் அவனல்லன். ஆனால் அழுவோருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. துயரில் ஆழ்ந்தவர் யாரையேனும் பகைக்கத் தேடுவர் என்று லிண்டெமன் எழுதியதற்கு, அந்தப் பிள்ளையைப் போன்ற சாட்சி வேறில்லை. அவன் கல்லூரியிற் பயின்று, அரசாங்கக் கணக்காய்வாளராகி, குடும்பம் நடத்தினான். நள்ளிரவிலே தொலைபேசி ஒலிக்கும். எடுத்தால் யாரோ ஒருவர் ஏசுவார். பல ஆண்டுகள் இது நடந்தது.

1994இலே அவர் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து, முன்னாள் தீயணைப்புப் படைவீரர் ஒருவர் பழைய பத்திரங்களை ஆராய்ந்து வேறொரு காரணத்தை முன்வைத்தார். யுத்தத்தினால் வழக்கமான குளிரூட்டும் வாயு கிடையாமற் போகவே, அதற்குப் பதிலாக எளிதில் எரியும் மெதைல் குளோரைட்டு அவ்விடுதியின் குளிர்சாதனப் பொறியிலே பயன்பட்டிருக்கலாம் என்பதும், அது கசிந்து தீயை அவ்வளவு விரைவாகப் பரப்பியிருக்கலாம் என்பதும் அவர் கருத்து. அக்கருத்தைக் கேட்பதற்கு அந்தப் பணியாளச் சிறுவன் இருக்கவில்லை.